மெரூன் கலர் ஸ்டூல்

சிதம்பரத்தில் பைபாஸ் ஓரமாகக் குஷன் கடை வைத்திருக்கும் உத்திராபதி, தான் தைத்த சீட்டில் நெடுந்தூரம் உட்கார்ந்து போனவரே கிடையாது. சபரிமலை வேன், திருப்பதி மினி பஸ், காசிவரை போய்த் திரும்பும் டூரிஸ்ட் பஸ் என்று எத்தனையோ வண்டிகள் அவர் கையால் ரெக்சின் போர்த்திக்கொண்டு தேசம் முழுக்கச் சுற்றிவிட்டன. "முதுகு வலியே தெரியலண்ணே" என்று திரும்பி வந்த டிரைவர்கள் சொல்வார்கள். அவரும் ஏதோ கூடப் போய்வந்தவர் மாதிரித் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். வடக்கே கடலூர், தெற்கே கொள்ளிடம் பாலம். அவருடைய பூமி அத்தோடு முடிந்தது.

இதற்குக் காரணம் வெளியே சொல்லிக்கொள்ளும்படியானது இல்லை. அதனால் அவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

ஐம்பதைத் தாண்டியபின் வந்த தொந்தரவு அது. கடையில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. வெயில் ஏறும்வரைகூட எழுந்திருக்காமல் வேலை பார்ப்பார். ஆனால் நினைத்த இடத்தில் நிறுத்தமுடியாத எந்த வண்டியில் ஏறினாலும், கதவு சாத்தின மறுநிமிஷம் அடிவயிற்றில் யாரோ எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, "கொஞ்சமா வீக்கம் இருக்கு, மாத்திரை தரேன். ஆனா இதுல பாதி உடம்பு, பாதி மனசு" என்றார். மாத்திரை முதல் பாதிக்கு என்று உத்திராபதி புரிந்துகொண்டார். இரண்டாவது பாதிக்கு எந்த மெடிக்கலிலும் ஒன்றும் கிடைக்கவில்லை.

ரயிலில் கழிப்பறை இருக்கிறதே என்று கேட்கலாம். அவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் ஒருமுறை திருச்சிக்கு ரயில் ஏறினார். மயிலாடுதுறை தாண்டியதிலிருந்து மூடிய கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே இருந்தவர் யாரோ போனில் பாகப்பிரிவினை பேசிக்கொண்டிருந்தார். அவர் பங்கு தீர்ந்து வெளியே வருவதற்குள் உத்திராபதிக்கு ரயிலின்மேல் இருந்த நம்பிக்கை தீர்ந்துவிட்டது. ரயிலில் இருப்பது எல்லாருடைய கழிப்பறை. அவருக்கு வேண்டியிருந்தது தன்னுடையது.

கடலூர் ரோட்டை மட்டும் அவர் தன் வழியில் படித்து வைத்திருந்தார். பி.முட்லூரில் பெட்ரோல் பங்க். சாவி கேட்டால் முறைப்பார்கள், ஆனால் கொடுத்துவிடுவார்கள். புதுச்சத்திரத்தில் டீக்கடைக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு. ஆலப்பாக்கம் பக்கம் ஒரு பெரும் புளியமரம், அதன் அடிமரத்துக்குப் பின்னால் ஒரு குடும்பமே மறைந்து நிற்கலாம். நாலுவழிச் சாலை போட வந்தவர்கள் முதலில் அந்த மரத்தைத்தான் வெட்டினார்கள். இனிமேல் கடலூருக்குப் பாதி நேரத்தில் போய்விடலாம் என்று ஊரே சந்தோஷப்பட்டது. சாலை அகலமாக ஆக, உத்திராபதியின் உலகம் குறுகிக்கொண்டே வந்தது.

இது மகள் கல்யாணத்துக்குப் பிறகு பெரிய சங்கடமாகிவிட்டது. ஸ்ரீமதியைக் கம்மாபுரத்துப் பையன் பாலகுமாருக்குக் கொடுத்திருந்தார். பையன் படித்தது சுரங்கப் படிப்பு. பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே நிலக்கரி கிடக்கிறது, வேறு எங்கே போய்விடப்போகிறான் என்று நினைத்துத்தான் பெண் கொடுத்தார். நிலக்கரி நாக்பூர்ப் பக்கமும் கிடக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

தனிக்குடித்தனம் வைக்கக் கிளம்பியபோது கடைசி நேரத்தில் "பஸ் பாடி ஒண்ணு வந்து நிக்குது, அவசரம்" என்று நின்றுவிட்டார். தலைதீபாவளிக்கு அழைத்துவரப் போகவேண்டியபோது ஒரு பஸ் பாடி. மகள் வீடு மாற்றியபோது இன்னொரு பஸ் பாடி. ஆரம்பத்தில் போனில் "எப்பப்பா வர?" என்று கேட்டுக்கொண்டிருந்த மகள், பிறகு "உனக்கு வேல இருக்கும்ப்பா" என்று அவளே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தாள். கேட்டபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் வலித்தது.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். பயணம் கூடாதென்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டதால் வளைகாப்பு நாக்பூரிலேயே என்று முடிவானது. "இந்தத் தடவ என்னா ஆர்டருப்பா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். உத்திராபதியும் சிரித்தார். போனை வைத்தபின் தையல் நேராக வரவில்லை. மூன்று சீட்டைப் பிரித்துத் திரும்பத் தைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் அந்த வேன் வந்தது. கண் பரிசோதனை முகாம்களுக்கு ஓடி ஓய்ந்த பழைய வண்டி. குஷன் மாற்ற வந்தவர்கள் பிறகு மனசு மாறி, வண்டியையே கழித்துவிடுகிறோம் என்றார்கள். உத்திராபதி அதற்குள் ஏறி நின்றார். நிமிர்ந்து நிற்க முடிந்தது. பின்பக்க மூலையில் டாக்டர் இருட்டில் கண் பார்ப்பதற்காகத் தடுத்த சின்ன அறை, கதவோடு, தாழ்ப்பாளோடு அப்படியே இருந்தது. அந்தத் தாழ்ப்பாளை அவர் போட்டுப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார், மறுபடி போட்டுப் பார்த்தார். வண்டியை வாங்கிவிட்டார்.

வேன் கேரவன் ஆகப்போகிறது என்று ஊருக்குள் செய்தி பரவியது. கேரவன் என்றால் ஊருக்குத் தெரிந்தது, பிச்சாவரத்தில் ஷூட்டிங் நடக்கும்போது கரையோரம் ஏசி போட்டு நிற்கும் வண்டி. குஷன்காரருக்குச் சினிமா ஆசை வந்துவிட்டது என்று சிலர் பேசிக்கொண்டார்கள். மகன் இளவரசு, ஏற்கெனவே கார் ஓட்டிப் பழகியவன், நாக்பூருக்குத் தானே ஓட்டிவருவதாகச் சொன்னான். மனைவி புஷ்பவள்ளிக்குப் பெருமை தாங்கவில்லை. போகிற வழியிலேயே சமைத்துச் சாப்பிடலாம் என்பது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. உத்திராபதி ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"சினிமாக்காரங்க வண்டியில உள்ளயே பாத்ரூமெல்லாம் இருக்குமாம்."

"எங்க, அடுப்பு இருக்கிற வண்டியிலயா?"

"ஆமா. தனியா, கதவு போட்டு..."

"என்னாங்க பேச்சு இது? அந்தப் பக்கம் ஒருத்தரு ஒக்காந்திருப்பாரு, இந்தப் பக்கம் நான் ரசம் தாளிக்கணுமா? சினிமாக்காரங்களுக்குச் சோறு வெளியிலேர்ந்து வருது, எங்க வேணா ஒக்காருவாங்க. மோர் ஊத்தட்டுமா?"

உத்திராபதி மோர் ஊற்றிக்கொண்டார். பேச்சு அத்தோடு முடிந்தது. ஆனால் வேலை முடியவில்லை. கடலூர் முதுநகரிலிருந்து பிளம்பர் ஆரோக்கியராஜை வரவழைத்து, அடியில் தொட்டி வைத்து, அந்த மூலை அறையில் சின்னதாக ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் பொருத்தச் செய்தார். "அண்ணே, வீட்ல சொல்லிடுங்க. இது ஒளிச்சி வெக்கிற சாமான் இல்ல" என்றான் ஆரோக்கியராஜ். "ரோட்டுக்குப் போனப்பறம் சொல்லிக்கலாம்" என்றார் உத்திராபதி.

அவருடைய தொழில்தான் அவரைக் கெடுத்தது. வேறு யாராக இருந்தாலும் மேலே ஒரு கோணியைப் போட்டு மூடியிருப்பார்கள். இவர் அளவெடுத்து, நல்ல பஞ்சு வைத்து, மெரூன் கலர் ரெக்சினில், நடுவில் பித்தளைப் பட்டன்கள் குழிவிழத் தைத்து, சுற்றிலும் பாவாடை மாதிரி மடிப்புவிட்டு ஒரு உறை போட்டார். அது அந்த வண்டியிலேயே அழகான ஆசனமாகிவிட்டது. "இதென்னாங்க?" என்று புஷ்பவள்ளி கேட்டபோது, "ஸ்டூலு. இது சாமான் ரூமு" என்று வாயில் வந்ததைச் சொன்னார். அவர் வாழ்க்கையில் சொன்ன பொய்களிலேயே தரமான குஷன் வைத்த பொய் அது.

வண்டி தயாரானதும் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்த ஸ்டூலில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டுத்தான் போனார்கள். புஷ்பவள்ளியின் தம்பி கலியமூர்த்தி, பண்ருட்டியில் பலாப்பழ மண்டி வைத்திருப்பவன், கால்மேல் கால் போட்டு அதில் செல்பி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தான். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சம்பந்தியம்மா வந்ததுதான் பெரிய விஷயமாகிவிட்டது. பாலகுமாரின் அம்மா கொளஞ்சியம்மாள், ரிட்டையர்டு டீச்சர், வெள்ளை ரவிக்கை, குரல் உயர்த்தாமலே அதட்டத் தெரிந்தவர். மருமகள் வளைகாப்புக்கு அவரும் இதே வண்டியில் வருவதாக ஏற்பாடு. வண்டியைப் பார்க்க வந்தவரை எங்கே உட்காரவைப்பது என்று யோசித்த புஷ்பவள்ளி, இருப்பதிலேயே உயர்ந்த ஆசனத்தில் உட்காரவைத்துக் கையில் காபியைக் கொடுத்தாள்.

"சிம்மாசனமாட்டம் இருக்குது சம்பந்தி. உங்க கைய பாராட்டணும்" என்றார் கொளஞ்சியம்மாள், ஒரு வாய் குடித்துவிட்டு.

உத்திராபதி கதவோரம் நின்றுகொண்டு கும்பிட்டார். அன்றிலிருந்து அது சொல்ல முடியாத விஷயம் என்பதிலிருந்து, செத்தாலும் சொல்ல முடியாத விஷயம் என்று ஆகிவிட்டது.

கிளம்பும் நாள் காலையில் கலியமூர்த்தி பண்ருட்டியிலிருந்து லோடு ஆட்டோவில் பலாப்பழங்களோடு வந்து இறங்கினான். "நாக்பூர்ல இது கண்ணுல படாது மாமா. அக்கா மவளுக்கு நான் வேற என்னா கொண்டுபோறது?" ஒவ்வொன்றும் ஒரு ஆள் இடுப்பில் தூக்கும் அளவு. சமையல் பக்கம் வைத்தால் நடக்க இடமில்லை. அவனே வழி கண்டுபிடித்தான். "சாமான் ரூம் எதுக்கு இருக்குது?" என்று கதவைத் திறந்து ஒவ்வொன்றாக உள்ளே உருட்டினான்.

உத்திராபதி வாயைத் திறந்தார். அதற்குள் புஷ்பவள்ளி வளையல் பெட்டியோடு வந்துவிட்டாள். கீழ சன்னதிக் கடையில் ஒரு சாயங்காலம் முழுக்க நின்று பொறுக்கின கண்ணாடி வளையல்கள். பச்சையும் சிவப்பும், நடுவில் மஞ்சள் குங்குமச் சிமிழ்.

"இத எங்கங்க வெக்கிறது? குலுங்கக் கூடாது. ஒண்ணு ஒடஞ்சாலும் எனக்கு மனசு கேக்காது."

"மடியில வெச்சிக்கயேன்."

"நாக்பூர் வரைக்குமா? தோ, இந்த மெத்த ஸ்டூலு மேல வெக்கிறேன். பஞ்சு மாதிரி தாங்கும்." பெட்டியை மெரூன் ரெக்சினின் நட்டநடுவில், பட்டன் குழியில் பதியும்படி வைத்து, ஒரு சேலையால் சுற்றிக் கட்டினாள். பிறகு பொட்டு வைத்தாள். பெட்டிக்கு ஒரு பொட்டு. கையில் குங்குமம் மீந்ததால் ஸ்டூலுக்கு ஒரு பொட்டு.

உத்திராபதி வீட்டுக்குள் போய்க் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வெளியே வந்து, வாசல்வரை போய், மறுபடி திரும்பிப் போனார். "ரெண்டு நாளைக்கும் சேத்தா போறீங்க?" என்று மகன் ஹார்ன் அடித்தான்.

அவர் சட்டைப்பையில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. முதல் நாளே ஆரோக்கியராஜிடம் சொல்லி வைத்திருந்தார்: வண்டி கடலூரை நெருங்கும் நேரத்துக்கு ஒரு போன் பண்ண வேண்டும். பஸ் பாடி வந்து நிற்கிறது, அவசரம் என்று சொன்னால் போதும். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். கடலூரில் இறங்கிக்கொள்வார். அவர்கள் போகட்டும்.

முன்னால் இளவரசு ஓட்ட, பக்கத்தில் கலியமூர்த்தி. பின்னால் சோபா மாதிரித் தைத்த சீட்டில் இரண்டு சம்பந்திகள், எதிரே உத்திராபதி. வண்டி பைபாஸில் ஏறியதும் மூலை அறையிலிருந்து சத்தம் வந்தது. கிணிங். மெல்லிய, மங்கலமான சத்தம். வேகத்தடை வந்தால் கிணிங் கிணிங் கிணிங். ஒவ்வொரு கிணிங்குக்கும் அவர் அடிவயிறு பதில் சொன்னது.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போதே ஆரம்பித்துவிட்டது. பி.முட்லூர் வந்ததும், "டயருல காத்து பாத்துக்கலாம் இளவரசு" என்றார்.

"நேத்துதாம்பா பாத்தன்."

"நேத்து வண்டியில பலாப்பழம் இல்ல."

பங்கில் நிறுத்தினான். உத்திராபதி சாதாரணமாக நடப்பது போல நடந்து பின்பக்கம் போனார். கதவில் சுண்ணாம்புக் கட்டியால் 'ரிப்பேர்' என்று எழுதியிருந்தது. திரும்பி வந்து, காற்று சரியாக இருக்கிறதென்று மகனிடம் சொன்னார். புதுச்சத்திரத்தில் டீ குடிக்கலாமா என்று கேட்டார்.

"இப்பதானே குடிச்சிட்டு கெளம்பனோம்?" என்றாள் புஷ்பவள்ளி. "இப்பிடி எறங்கி எறங்கிப் போனா புள்ள பொறந்தப்பறந்தான் போய்ச் சேருவோம்." பிறகு அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏங்க, கடலூர்ல எதுனா சொல்லி எறங்கிடலாம்னு பாக்கறீங்களா?"

"சேச்சே."

"போன்ல நேத்து அவ என்னா சொன்னா தெரியுமா? 'அப்பா வரலன்னாலும் திட்டாதம்மா'ன்னா."

உத்திராபதி வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டார். டீக்கடையும் சவுக்குத் தோப்பும் ஜன்னலில் வந்து, ஜன்னலில் போயின.

ஆலப்பாக்கத்துக்குச் சற்று முன்னால் வண்டி நின்றது. முன்னே கதிர் அறுக்கும் மிஷினை ஏற்றிப் போன லாரி ஒன்று சரிந்து, சாலையைக் குறுக்கே அடைத்துக்கொண்டு கிடந்ததாம். கலியமூர்த்தி இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, "கிரேன் வரணுமாம். இப்பதிக்கு நவுராது" என்று அறிவித்தான். முன்னாலும் பின்னாலும் லாரியும் பஸ்ஸும் காரும். நடுவில் சிமெண்ட் தடுப்பு. இந்தப் பக்கம் வேலி, வேலிக்கு அப்பால் கண்ணுக்கெட்டியவரை தட்டையான வெறும் வயல். அந்தப் புளியமரம் எங்கே நின்றது என்பதை உத்திராபதி துல்லியமாகச் சொல்லிவிடுவார். அந்த இடத்தில் இப்போது வேகக் கட்டுப்பாட்டுப் பலகை நின்றது.

முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டார். மூச்சை எண்ண முயன்றார், எண் மறந்துபோயிற்று. வேறு எதையாவது பார்க்கலாம் என்று எதிர்சீட்டைப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. கொளஞ்சியம்மாள் பேசுவதை நிறுத்தி வெகுநேரமாகிவிட்டது. காலையில் ஏறியதிலிருந்து மகனுடைய பிரமோஷன், மருமகளுடைய ரத்த அளவு, மராத்திக்காரிகளின் சமையல் என்று ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர், இப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். புஷ்பவள்ளி தண்ணீர் பாட்டிலை நீட்டியபோது கையை மட்டும் ஆட்டினார். நெற்றியில் வேர்வை. பாதங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன.

அந்த முகத்தை அவருக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறார்.

"சம்பந்தி, ஒடம்புக்கு எதுனா பண்ணுதா?" என்றாள் புஷ்பவள்ளி.

"ஒண்ணுமில்ல. சக்கரை இருக்குதுல்ல, கொஞ்சம் மயக்கமா வருது." கம்பியை விடாமலே தொடர்ந்தார்: "நான் ஒண்ணு சொல்றன், தப்பா எடுத்துக்காதீங்க. என்னைய கடலூர்ல எறக்கி விட்டுடுங்க. பஸ்ஸப் புடிச்சி ஊருக்குப் போயிடறன். நாக்பூர் வரைக்கும் என்னால முடியும்னு தோணல."

"என்னா சம்பந்தி இப்பிடிச் சொல்றீங்க! பெரியவுங்க நீங்க இல்லாம மொத வளையல யாரு போடுறது?"

"நீங்க போடுங்க. நான் வீடியோ கால்ல பாத்துக்கறன்." டீச்சர் குரல் முதல்தடவையாகக் கொஞ்சம் உடைந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து உத்திராபதியின் போன் அடித்தது. ஆரோக்கியராஜ். சொன்ன சொல் தவறாதவன். திரையில் அவன் பெயர் எரிந்து அணைந்து எரிந்தது. இதை எடுத்துக் காதில் வைத்தால் போதும். கடலூரில் இரண்டு பேர் இறங்குவார்கள், இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காக, இரண்டு பேரும் வேறு வேறு காரணம் சொல்லிக்கொண்டு. நாக்பூரில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருப்பாள்.

போனைக் கட் பண்ணினார்.

"சம்பந்தியம்மா," என்றார். "அந்த ஸ்டூலு இருக்குதுங்களே..."

"எந்த ஸ்டூலு?"

"மெரூன் ஸ்டூலு. அது... ஸ்டூலு இல்லீங்க."

புஷ்பவள்ளி திரும்பினாள். "ஸ்டூலு இல்லாம?"

"மேல இருக்கிறது வெறும் உறை. எடுத்தா மூடி இருக்கும். மூடியத் தொறந்தா..." கையால் காற்றில் ஒரு வட்டம் வரைந்தார். "அது சாமான் ரூம் இல்ல புஷ்பா. பாத்ரூமு."

வண்டி நின்றுகொண்டிருந்ததால் வளையல்கூடச் சத்தம் போடவில்லை.

முதலில் சிரித்தது கலியமூர்த்தி. முன்சீட்டில் முதுகு குலுங்கியது. "யோவ் மாமா! நான் அதுல ஒக்காந்து ஸ்டேட்டஸ் போட்டனேய்யா! மண்டியில அத்தினி பேரும் லைக் போட்டானுங்களே!"

கொளஞ்சியம்மாள் மெதுவாகக் கேட்டார். "அன்னிக்கி என்னைய ஒக்காரவெச்சி காபி குடுத்தீங்களே சம்பந்தி, அதுலயா?"

"புத்தம்புதுசுங்க. சத்தியமா சொல்றன். இதுவரைக்கும் யாரும் போவல. ஒரு சொட்டுகூட..."

"எதுமேல என் வளையல் இருக்குது?" என்று எழுந்தாள் புஷ்பவள்ளி. அவள் குரல் லாரிக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் உயரத்துக்குப் போயிற்று. "புள்ளத்தாச்சிக்குப் போடுற வளையல கொண்டாந்து எதுமேல வெச்சிருக்கறன் நானு? பொட்டு வேற வெச்சனே! வெக்கிறப்ப பாத்துக்கிட்டு நின்னீங்களே, வாயில என்னா இருந்துச்சி?"

உத்திராபதி தலையைக் குனிந்துகொண்டார். அடிவயிற்றில் இருந்தவர் இப்போது எழுந்து நின்றுவிட்டார். ஆனால் இந்த நேரத்தில் அதைச் சொல்வது முறையில்லை என்று பட்டது.

"புஷ்பா," என்றார் கொளஞ்சியம்மாள். வகுப்பறை உடனே அமைதியானது. "முப்பது வருசம் பாத்ரூம் இல்லாத பள்ளிக்கூடத்துல வேல பாத்தவ நான். காலையில ஒரு டம்ளர் தண்ணி, அப்பறம் சாயந்தரம் வீட்டுக்கு வந்துதான். அடக்க முடியாமப் போனதுக்கு டாக்டரு சக்கரைங்கறாரு, எனக்குக் காரணம் தெரியும். இப்ப என்னால பேசவும் முடியல, நிக்கவும் முடியல. மொதல்ல அந்தப் பலாப்பழத்த எடுங்க. வாதாட்டத்த அப்பறம் வெச்சிக்குவம்."

அதற்குப்பின் நடந்ததைப் பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். நெடுஞ்சாலை நடுவே ஒரு கேரவனிலிருந்து மூச்சு வாங்க வாங்கப் பலாப்பழங்கள் இறங்கின. இளவரசு தூக்கிக் கொடுக்க, கலியமூர்த்தி வாங்கி அடுக்க, யாரோ ஒருவர் விலை கேட்டார். வளையல் பெட்டியை எடுக்க மட்டும் புஷ்பவள்ளியே உள்ளே போனாள். சேலையை அவிழ்த்து, பெட்டியைத் திறந்து, விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் உடையவில்லை. பஞ்சு நல்ல பஞ்சு.

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த மெரூன் ஸ்டூலையே பார்த்தாள். ஒரு ஜட்ஜ் தீர்ப்புக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றுவது போல ஒரு நிதானம்.

"இதுவரைக்கும் யாரும் போவல இல்ல?"

"இல்ல."

"சத்தியமா?"

"ஸ்ரீமதி மேல சத்தியமா."

"அப்ப அது ஸ்டூலுதான். யாராவது போற வரைக்கும் ஸ்டூலு. வளையலுக்கு ஒண்ணும் ஆவல." உறையை உருவி உத்திராபதி கையில் திணித்தாள். "போங்க சம்பந்தி. இனிமேதான் அது பாத்ரூமு."

இந்தச் சட்ட நுணுக்கத்தை எந்தப் பண்டிதரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. அதே மூச்சில் இரண்டாவது தீர்ப்பும் வந்தது. கேஸ் அடுப்பை மூடி, அதன்மேல் இரண்டு பலாப்பழத்தைத் தூக்கி வைத்தாள். இறக்கிய மற்ற பழங்களும் மறுபடி ஏறி அடுப்பைச் சுற்றி இடம்பிடித்தன. இந்த வண்டியில் இனிச் சமையல் கிடையாது, நாக்பூர்வரை ஹோட்டல்தான். வழியெல்லாம் சமைக்கலாம் என்று ஆசை ஆசையாய் மாவு அரைத்து, பொடி இடித்து எடுத்துவந்தவள் அவள்.

கொளஞ்சியம்மாள் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. எல்லாரும் வெவ்வேறு ஜன்னல் வழியாகக் கவனமாக வயலைப் பார்த்தார்கள். வெளியே வந்தவர் ரவிக்கையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, முதல் வேலையாக, "அந்தத் தண்ணி பாட்டிலக் குடுங்க" என்றார். பாட்டில் முழுக்கக் குடித்தார். கடலூரில் இறங்குவது பற்றி அதன்பின் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

உத்திராபதி எழுவதற்குள் புஷ்பவள்ளி வளையல் பெட்டியைச் சம்பந்தி மடியில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனாள். அவள் வந்ததும், "டிராபிக் நவுர்றதுக்குள்ள நானும் ஒரு நடை..." என்று கலியமூர்த்தி நுழைந்துவிட்டான். உள்ளே அவனுடைய போன் அடித்தது. மண்டியிலிருந்து. பலாப்பழ லோடு பற்றி அவன் விஸ்தாரமாகப் பேச ஆரம்பித்தான்.

உத்திராபதி மூடிய கதவுக்கு வெளியே, கையில் மெரூன் உறையோடு நின்றார். இந்தக் காட்சி அவருக்குப் பழக்கமானது. தனக்கென்று ஒன்று வேண்டுமென்று வண்டி வாங்கி, தொட்டி கட்டி, பொய் சொல்லி, பட்டன் வைத்துத் தைத்து, ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் அது எல்லாருடைய கழிப்பறையாகிவிட்டது. காலடியில் வண்டி மெல்ல அசைந்தது. லாரியை எடுத்துவிட்டார்கள் போல.

அவர் கதவைத் தட்டினார்.

"மச்சான், போன வெச்சிட்டு வெளிய வாய்யா! எனக்கு ஒண்ணுக்கு வருது!"

சொன்னபின்தான் தன் குரல் தனக்கே கேட்டது. அந்த வாக்கியத்தை இத்தனை வருஷத்தில் அவர் எவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. புஷ்பவள்ளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைதீபாவளி, வீடு மாற்றியது, ஒவ்வொரு பஸ் பாடியாக அவள் கண்ணில் வந்து நின்று போவதை அவரால் பார்க்க முடிந்தது.

"இதுக்குத்தானா?" என்றாள். "இத்தினி வருசமா?"

கதவு திறந்தது. அவர் உள்ளே போய்விட்டார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிபனுக்கு நிறுத்தினார்கள். சிதம்பரம் பஸ் ஒன்று எதிரிலேயே பாதி காலியாக நின்று, ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. உத்திராபதி அதை ஒருமுறை பார்த்தார். புஷ்பவள்ளி அவர் பார்ப்பதைப் பார்த்தாள். அவர் கேட்டதெல்லாம் இன்னொரு வடை.

வண்டி கிளம்பியதும் மறுபடி ஆரம்பித்தது. இப்போதுதானே போனோம் என்று உடம்பு சொன்னது. பெண்ணையாறு வருகிறது, அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியாது என்று மனசு சொன்னது. டாக்டர் சொன்ன அந்தப் பாதி இன்னும் வேலையில்தான் இருந்தது. உத்திராபதி எழுந்தார்.

"மறுபடியுமா?" என்றான் இளவரசு, கண்ணாடியில் பார்த்து.

"மறுபடியுந்தான். நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

அவர் உள்ளே இருக்கும்போது போன் அடித்தது. புஷ்பவள்ளி எடுத்தாள். மடியில் இருந்த வளையல் பெட்டி கிணுங்கியது.

"அம்மா, கடலூர் தாண்டிட்டீங்களா?" ஸ்ரீமதியின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "அப்பா... எறங்கிட்டாராம்மா?"

"எங்கடி எறங்கறது? உங்கப்பா பாத்ரூம்ல இருக்காரு. வந்ததும் பேசச் சொல்றன்."

"பாத்ரூமா? நீங்க வண்டியிலதானே போறீங்க?"

"ஆமாண்டி. அது பெரிய கத. நீ மாத்திரையப் போட்டியா?"

வண்டி பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறியது. கீழே மணல், ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர், தூரத்தில் மாடுகள். உத்திராபதி வெளியே வந்து உட்கார்ந்தபோது பாலம் பின்னால் போயிருந்தது. ஜன்னலில் தெரிந்த ஊரின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. மகனிடம் கேட்கலாமா என்று யோசித்து, கேட்காமல், போனைக் கையில் வாங்கினார்.